ஏழு நிமிடம் பின்னால்

பீச் ஸ்டேஷன் படியிறங்கும்போதே பதினோரு மிஸ்டு கால்.
அரண்மனைக்காரத் தெருவில்
ராத்திரி பெய்த ஐப்பசி மழை இன்னும் வடியவில்லை.
பேண்ட்டை மடித்துக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினால்
"சிஸ்டம் வந்தாச்சு" என்கிறார்கள்.
மூன்று வருடமாக என் பெயர் அது.

யாருக்கும் திறக்கவில்லை.
ஜெபக்கனி கீபோர்டை ஓங்கிக் குத்துகிறாள்,
ஓங்கினால் எழுத்து ஆழமாக விழும் என்பதுபோல.
துளசிராமன் கேப்ஸ் லாக்கைப் போட்டுப் போட்டு எடுத்து
ஐந்தாம் தடவை தன்னையே பூட்டிக்கொண்டார்.
வஹீதா காதோரம் வந்து தன் பாஸ்வேர்டைச் சொல்கிறாள்.
வேண்டாம் என்பதற்குள் சொல்லிவிட்டாள்:
இன்னும் வாங்காத ஒரு வீட்டின் கதவு எண்,
கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி.

பக்தவத்சலம் சார் கண்ணாடி அறையிலிருந்து எட்டி
"ரெண்டு மணிக்கு கட்-ஆஃப்பு. நாலு கன்டெய்னர்.
பேப்பர் பூரா உள்ள கெடக்கு" என்றார்.

உள்ளே என்பது
பாத்ரூமை ஒட்டி, ஏசி சொட்டும் ஓர் அலமாரி.
அதற்குள் ஒரு கறுப்புப் பெட்டி,
நெற்றியில் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து.

கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன்.
பிங் போட்டால் பதில் வருகிறது.
டிஸ்க் சுற்றுகிறது. ஒரு ஃபோல்டரும் குறையவில்லை.
என் மேஜையிலிருந்து என் பெயரைக் கொடுத்தேன்,
பார்த்துவிட்டு, இல்லை என்றது.
அந்தப் பூட்டைப் போட்டவனே நான்தான்.

திரையை நேரே பெட்டியில் மாட்டி லாக்கைப் பிரித்தால்
ஒரே வாக்கியம், நூற்றுக்கும் மேல்:
நேரம் பொருந்தவில்லை.
சுவரில் ஒன்பது நாற்பத்தெட்டு.
பெட்டிக்குள் ஒன்பது நாற்பத்தொன்று.

நள்ளிரவில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்திருக்கிறது.
யூபிஎஸ் கத்தி ஓய்ந்தபின்
காசளவு பாட்டரி ஒன்று, அதுவும் இளைத்தது,
இருட்டில் நொண்டி நொண்டி விநாடிகளை எண்ணியிருக்கிறது.
ஐந்து நிமிடம் வரை பொறுக்கும் அது.
அதைத் தாண்டிவிட்டால்
சொன்ன சொல் சரிதான், ஆள்தான் பொய்.

கீழே வாட்ச் கடையில் நாற்பது ரூபாய்.
பெட்டியை அணைத்து, திருகாணியைப் பல்லில் கவ்வி,
பழையதை நெம்பிப் புதியதை அமுக்கி
நேரத்தைத் திருத்தினேன்.
பத்து முப்பத்திரண்டுக்கு எல்லோரும் உள்ளே.
ஜெபக்கனி கை தட்டினாள்.
அப்புறம் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் லாக் ஓயவில்லை.
ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை
ஜன்னலோர ஸ்கேனரிலிருந்து ஒரு பெயர் தட்டுகிறது:
பிலோமினா.

ஏப்ரலில் எனக்கு வந்தது இரண்டு வரி மெயில்.
ஆறு மணிக்குள் எடுத்துவிடவும்.
ஐந்து நாற்பதுக்கே எடுத்துவிட்டேன், ரயிலைப் பிடிக்கணும்.
அவள் இன்னும் நாற்காலியில்தான் இருந்தாள்.
"சிஸ்டம், எனக்கு மட்டும் தொறக்கலையே, பாருங்களேன்."
நெட்வொர்க் ப்ராப்ளம் என்றேன்.
சரி, வெயிட் பண்றேன் என்றாள்.

கன்டெய்னர்கள் போகட்டும் என்று இருந்தேன்.
இரண்டு ஐந்து. இரண்டு பத்து.
டீ வந்தது. குடித்துவிட்டுப் போய்
ஸ்கேனரின் சின்னத் திரையில் அவள் பெயரை அழித்தேன்.
எழுத்துக்கு ஒரு பீப்.
வஹீதா தலை தூக்கினாள்.
வேறொரு பெயரை அடித்து ஓகே கொடுத்ததும்
ஆறு மாதமாக உள்ளே தேங்கியிருந்த ஒரு தாள்
ஃபோல்டரில் வந்து விழுந்தது.

லீவு லெட்டர்.
மே பன்னிரண்டு, பதிமூன்று.
காரணம்: வீடு மாற்றுகிறோம்.

"என்னய்யா ஆச்சு காலைல?"
கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து பக்தவத்சலம் சார்.
டைம் சார், என்றேன்.